தெரிந்த கதையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்வது

கேள்வி: அக்கா, நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் மூன்று வருடமாக உதவி ஆசிரியை. இந்த ஜூன் மாதம் அமெரிக்காவில், வட கரோலினாவில் ஒரு கிறிஸ்தவச் சிறுவர் முகாமுக்குக் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்பவளாக, போகிறேன். அங்கே ஒரு வாரம் 'ஜூலையில் கிறிஸ்துமஸ்' கொண்டாடுவார்களாம். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு நான்கு நாள், தினமும் நாற்பது நிமிடம் நான் பாடம் எடுக்க வேண்டும். "உங்கள் இந்தியக் கிறிஸ்துமஸைக் கொண்டு வாருங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். என்ன கொண்டு போவது? கடைசி நாள் விருந்துக்குப் புடவை கட்டலாமா?

பதில்:

சந்தோஷம், போய் வா. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அந்தப் பக்கத்து மலைப்பகுதியில் ஒரு முகாமில் இரண்டு கோடைகாலம் வேலை செய்தேன். என் முதல் பாடம் ஏழே நிமிடத்தில் முடிந்துபோனது. பிரேசர் டவுனில் எங்கள் சபைப் பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் ஓடிய ஃபிளானல் படங்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். மரியாளையும் யோசேப்பையும் பலகையில் ஒட்டி வாயைத் திறந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, சத்திரம், தொழுவம், மேய்ப்பர், மூன்று ராஜா, ஒட்டகம் என்று மீதியை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "இப்போது நீச்சலுக்குப் போகலாமா?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகிய வயதிலேயே ஆட்டுக்குட்டி வேஷம் போட்டு மேடை ஏறியவர்கள். கதை தலைகீழாகத் தெரியும், அதனாலேயே காதில் விழாது. அதை அவர்கள் திரும்பக் கேட்கும்படி செய்வதுதான் உனக்கு அங்கே வேலை. அதற்குத் தேவையானது உன்னிடமே இருக்கிறது. பெத்லகேமுக்கு அந்த முகாமைவிட நம் ஊர்கள் எவ்வளவோ பக்கம், தூரத்தில் அல்ல, பழக்கவழக்கத்தில். "இந்தியக் கிறிஸ்துமஸ்" என்று அவர்கள் கேட்பது புடவை, மருதாணி, யானை மாதிரி ஏதோ ஒன்று. அதற்குப் பத்து நிமிடம் கொடு, போதும். மீதி நேரம் நம் ஊரை வைத்து அந்த ஊரைக் காட்டு.

முதலில் இந்த ஜூலை விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் "இது நிஜக் கிறிஸ்துமஸ் இல்லையே" என்று முதல் நாளே ஒரு பிள்ளை கேட்கும். 1933 ஜூலை 24, 25 தேதிகளில் வட கரோலினாவின் பிரெவார்ட் என்ற ஊரில், கீஸ்டோன் என்ற பெண்பிள்ளைகள் முகாமில் மரம் அலங்கரித்து, பஞ்சைப் பனியாகத் தூவி, கேரல் பாடி, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஒருவர் வந்து பரிசு கொடுத்துக் கொண்டாடினார்கள். இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் ஆரம்பக் கதை அதுதான், நீ போகும் மாநிலத்துக் கதை. அப்புறம் டிசம்பர் 25 என்ற தேதியும் வேதாகமத்தில் இல்லை. ரோமில் 354-ல் தொகுத்த ஒரு நாட்காட்டியில் இருக்கிறது, அங்கே 336 வாக்கில் அந்த நாளைக் கொண்டாடியதற்கு அதுவே சாட்சி. ரஷ்யாவில் ஜனவரி 7, ஆர்மீனிய சபையில் ஜனவரி 6. இதைச் சொன்னால் அந்தப் பிள்ளை அடங்கிவிடும். நீட்டாதே.

இனி முதல் நாள் பாடம். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான்.

லூக்கா எழுதியதை நிதானமாகப் படித்துப் பார். குடிமதிப்பு எழுத அவனவன் தன் தன் ஊருக்குப் போனான் என்று இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைக்கு இந்த வரி சும்மா கடந்து போகும் வரி. பிறந்த ஊர் உண்டு, இப்போது இருக்கும் ஊர் உண்டு. ஆனால் 'சொந்த ஊர்' என்ற ஒன்று அவர்களிடம் கிடையாது. உன்னிடம் உண்டு. நீ பெங்களூரில் பிறந்தவள், கன்னடத்தில் பேரம் பேசுகிறவள். ஆனாலும் சபையில் புதிதாக வரும் பாட்டி எவளும் உன்னிடம் முதலில் கேட்பது "உனக்குச் சொந்த ஊர் எதும்மா?" என்பதைத்தான். நீயும் திருநெல்வேலி என்றோ வேலூர் என்றோ தங்கவயல் என்றோ ஒரு பதில் வைத்திருப்பாய், அங்கே மொத்தமாகப் பத்து நாள்கூட இருந்திருக்க மாட்டாய். யோசேப்பு அப்படித்தான். வீடும் தொழிலும் நாசரேத்தில், தாவீதின் வம்சம் என்பதால் சொந்த ஊர் பெத்லகேம். இதைச் சொல்லிவிட்டு டிசம்பர் 22-ம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரிப் பக்கம் போகிற நம் கூட்டத்தை வர்ணி. முன்பதிவில் இடம் கிடைக்காமல், அன்ரிசர்வ்ட் பெட்டியில் கழிப்பறை வாசலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைச் சொல். நாசரேத்திலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய நம் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் தூரம். நிறைமாதக்காரி போன தூரம் அது. கழுதையில் போனாள் என்று லூக்கா எழுதவில்லை, அது படம் வரைந்தவர்கள் கொடுத்த கழுதை.

அடுத்தது அந்தச் சத்திரம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்று படித்துப் படித்து, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சத்திரம் போல ஒரு கட்டடமும், வாசலில் கையை விரிக்கும் மணியக்காரரும் நம் மனதில் நிற்கிறார்கள். அங்கே அவர்கள் நாடகத்தில் சத்திரக்காரனுக்கு வசனமே உண்டு. மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் வரும் சொல் 'கட்டாலுமா'. இதே லூக்கா, இயேசு கடைசி இராப்போஜனம் சாப்பிட்ட அறைக்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிஜச் சத்திரத்துக்கு வேறு சொல். அதனால் பல வேத அறிஞர்கள் இதை ஒரு வீட்டின் விருந்தினர் அறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உறவுக்காரர் வீடு, உள் அறையில் ஏற்கெனவே ஆட்கள், மாடு கட்டும் பகுதியும் அதே கூரைக்குக் கீழே.

இதை அவர்களுக்கு விளக்க உன்னைவிடத் தகுதியான ஆள் அந்த முகாமில் இருக்க முடியாது. டிசம்பர் 24 ராத்திரி உன் ஆச்சி வீட்டை நினைத்துக்கொள். உள் அறையில் பெரிய மாமா குடும்பம், ஹாலில் பாய் விரித்து ஒன்பது பேர், தாமதமாக வந்த சித்தி தாழ்வாரத்தில். யாரையும் யாரும் விரட்டவில்லை. இடம்தான் இல்லை. குழந்தை பிறக்கப் போகிறது என்றால் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கிழவிகள் மாட்டுத்தொழுவத்தைக் கூட்டி, வைக்கோல் பரப்பியிருப்பார்கள். நான் இரண்டாவது வருடம் இதைச் செய்தே காட்டினேன். கேபினில் பாதி இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, பன்னிரண்டு பேரையும் மறுபாதியில் படுக்கச் சொன்னேன். ஒரே கூச்சல், சிரிப்பு, முழங்கை இடி. "இப்போது இரண்டு பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள், ஒருத்திக்கு வயிற்று வலி. என்ன செய்வீர்கள்?" என்றேன். சத்தம் நின்றது. ஒரு பெண் எழுந்து தன் தூக்கப் பையைச் சுருட்டினாள். எனக்கு அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

ஆனால் ஒன்று. முகாமின் நாடகத்தில் சத்திரக்காரன் இருந்தால், அவனை நீக்கச் சொல்லி டைரக்டரிடம் போய் நிற்காதே. நாலு நாள் விருந்தாளி நீ. உன் வகுப்பில் "இப்படியும் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போ. முன்னணையில் மாடும் கழுதையும் எட்டிப் பார்ப்பதும் சுவிசேஷங்களில் இல்லை, ஏசாயா முதல் அதிகாரத்தில் மாடும் கழுதையும் தன் எஜமானை அறியும் என்ற வசனத்திலிருந்து வந்து சேர்ந்தவை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை வைத்து ஆராதனை நடத்தினார். நம் வீட்டுக் குடில்களும் அந்த வழியில் வந்தவைதான். அழகானவை. எழுதியிருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல். துப்பறிவது போல உற்சாகமாகச் செய்வார்கள்.

குடில் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு தட்டில் மண் போட்டு ராகியோ கோதுமையோ தூவி முளைக்க விடுவோமே, குடிலுக்குப் புல்லாக, அதை அங்கே செய். முகாம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையே கோதுமையை ஊறவைத்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் பச்சை எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் தினம் காலையில் பல் துலக்கும் முன் ஓடி வந்து பார்ப்பார்கள். ஆனால் இங்கிருந்து விதை எடுத்துக்கொண்டு போகாதே, விமான நிலையத்தில் விவசாயச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். அங்கேயே முழுக் கோதுமை வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் மேய்ப்பர்கள். இதற்குப் பகல் வகுப்பு வேண்டாம், இரவில் நேரம் கேள். பெங்களூரில் நாம் கொடுக்க முடியாத ஒன்று அந்த முகாமில் இருக்கிறது: இருட்டு. இங்கே ஹெப்பால் மேம்பால வெளிச்சத்தில் நாலு நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அங்கே சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் புல்வெளிக்கு அழைத்துப் போய், டார்ச்சை எல்லாம் அணைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வை. ஜூலையில் மின்மினி பறக்கும். மேய்ப்பர் யார் என்று அப்போது சொல். கோலார் சாலையில் கம்பளி போர்த்திக்கொண்டு மந்தையை ஓட்டிப் போகிறவர்களை நீ பார்த்திருப்பாய், நாம் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்திருப்போம். அப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் முதலில் செய்தி வந்தது. தூதன் சொன்ன முதல் வார்த்தை "பயப்படாதிருங்கள்". இருட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை ஏன் முதலில் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பாட்டு, மனப்பாட வசனம் எதையும் அங்கே திணிக்காதே. எழுந்து கேபினுக்குப் போய்விடுங்கள். (கொசு மருந்து பூசிக்கொள்ளச் சொல், நான் சொல்லாமல் விட்டு மறுநாள் நர்ஸிடம் திட்டு வாங்கினேன்.)

மூன்றாம் நாள், நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த சாஸ்திரிகள். மத்தேயு எத்தனை பேர் என்று சொல்லவில்லை, காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் வந்து நுழைந்தது தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு. இவ்வளவையும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வாசித்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இந்த நாளுக்கு மூக்குதான் உபகரணம். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று நாமே அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தவர்கள்தானே. அவென்யூ ரோடு பக்கம் நாட்டு மருந்துக் கடையில், கன்னடக்காரர்கள் கிரந்திகெ அங்கடி என்பார்கள், பறங்கிச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொஞ்சம் வாங்கிக்கொள். வெள்ளைப்போளம் என்று அழுத்திக் கேள், கரியபோளம் வேறு, அது கற்றாழைப் பால். பொட்டலத்தில் பெயர் எழுதி ஒட்டு, சுங்கப் படிவத்தில் கேட்டால் மறைக்காமல் சொல். பிள்ளைகளிடம் முகரக் கொடு, கொளுத்தாதே. நான் கேபினுக்குள் ஒரு துண்டுச் சாம்பிராணியைக் கரியில் போட்டுவிட்டேன், நம் வீட்டில் வெள்ளிக்கிழமை போடுவது போல. புகை அலாரம் அலறி, முகாமில் இருந்த எல்லோரும் திடலில் வரிசையாக நின்று எண்ணப்பட்டோம். அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் தூபவர்க்கம் என்றால் என்ன என்று அந்த முகாமில் யாருக்கும் மறந்திருக்காது.

நட்சத்திரம் செய்யும் கைவேலையும் அன்றே. ரசல் மார்க்கெட்டில் தொங்கும் காகித நட்சத்திரம் ஒன்றை மடித்துக் கொண்டுபோய் மாட்டு, அதில் பன்னிரண்டு பேர் கண்ணும் நிற்கும். செய்வதற்கு மூங்கில் சிம்பு எல்லாம் வேண்டாம். அங்கே மதியச் சாப்பாடு கட்டும் பழுப்புக் காகிதப் பை மலிவு. ஏழெட்டுப் பைகளை, ஒவ்வொன்றிலும் தலைகீழ் 'டி' வடிவில் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வாய்ப்பக்கத்தைக் கூராக வெட்டிவிட்டு, விசிறி போல விரித்து முதல் பையையும் கடைசிப் பையையும் சேர்த்தால் நட்சத்திரம். விளக்கு வேண்டுமானால் பேட்டரி விளக்கு மட்டும்.

நாலாம் நாள் எகிப்துக்கு ஓடிய கதை. நிறையப் பேர் கிறிஸ்துமஸ் பாடத்தில் இதை விட்டுவிடுவார்கள், நான் விடமாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டி வேறு தேசத்துக்குப் போன குடும்பம் என்று சொல். ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றதை எட்டு வயதுக்கு விவரிக்காதே. "கெட்ட ராஜாவிடமிருந்து தப்பினார்கள்" என்பது போதும். கேட்கிற பிள்ளைக்கு மட்டும், தனியாக அல்ல, இன்னொரு கவுன்சிலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மையை இரண்டு வரியில் சொல். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. நம் ஊர் பழக்கத்தில் கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் உட்கார வைப்பது எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் படத்தை உன் போனிலிருந்து எங்கும் போடாதே.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அது கதைதான் என்று பத்து வயதுக்காரனுக்குத் தெரிந்திருக்கும், எட்டு வயதுக்காரிக்குத் தெரிந்திருக்காது. அந்த ரகசியத்தை நீ உடைக்காதே. நாலாம் நூற்றாண்டில், இப்போதைய துருக்கியில் இருக்கும் மீரா ஊரில் நிக்கோலாஸ் என்ற பேராயர் இருந்தார், ரகசியமாக உதவி செய்தவர் என்று சொல்வார்கள். இவ்வளவோடு நிறுத்து. மீதியை அம்மாவிடம் கேட்கச் சொல். வேண்டுமானால் நம் கேரல் ரவுண்டில் முகமூடி போட்டு டிரம் சத்தத்துக்கு ஆடும் தாத்தாவைப் பற்றிச் சொல், இடுப்பை ஆட்டி ஆடும் தாத்தாவை அவர்கள் கண்டதில்லை. நீயே ஆடிக் காட்டினால் இன்னும் நல்லது.

"இந்தியாவில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?" என்ற கேள்வியும் வரும், பெரியவர்களிடமிருந்தே வரும். கோபப்படாதே. 2011 கணக்கெடுப்பில் 2 கோடியே 78 லட்சம் பேர், வட கரோலினாவின் மொத்த மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அப்போஸ்தலர் தோமா வந்தார் என்ற மரபையும், தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனை எழுதி இருநூறு வருடம் ஆகிறது என்பதையும் சொல்லலாம். ஏழை இந்தியா, பாவம் இந்தியா என்ற கதையை மட்டும் நீ சொல்லிக் காசு வாங்கிக் கொடுக்காதே. தமிழில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடு: வாழ்த்து. அமெரிக்க 'ஆர்' ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு, அதனால் நம் காக்ஸ் டவுன் பிள்ளைகளைவிட அழகாக 'ழ' சொல்வார்கள். எனக்கு அதில் இன்றும் கொஞ்சம் பொறாமை.

பலகாரம். அச்சு முறுக்கும் கல்கலும் கேக்கும் எடுத்துப் போக ஆசை இருக்கும். முகாம் சமையலறையில் கேட்காமல் ஒரு துண்டும் யாருக்கும் கொடுக்காதே. கடலை, முந்திரி ஒவ்வாமை அங்கே உயிர்ப் பிரச்சினை. 2023-லிருந்து எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்திருக்கிறார்கள், ஆகவே முறுக்கில் போடும் எள்ளும் கணக்கில் வரும். முந்திரிக்கொத்து கொண்டுபோனால் இன்னும் குழப்பம். அதில் முந்திரி கிடையாது, பாசிப்பயறு மாவுதான், ஆனால் எள் உண்டு. இதை ஒரு அமெரிக்க நர்ஸுக்கு விளக்கிப் பார்.

ஒரு விஷயத்தில் என் கருத்தைக் கேட்காமலே சொல்கிறேன். கடைசி இரவு நெருப்பைச் சுற்றி உட்கார வைத்து, பிள்ளைகள் அழும்வரை பாட்டுப் பாடி, "யாரெல்லாம் தீர்மானம் எடுக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்று கேட்கும் பழக்கம் சில முகாம்களில் உண்டு, நம் விபிஎஸ்களிலும், அதான் விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும், உண்டு. வீட்டை நினைத்து அழுகிற ஒன்பது வயதுப் பிள்ளை எதற்கும் கையைத் தூக்கும். அந்தப் பொறுப்பை உன்னிடம் கொடுத்தால், கேள்வி இருப்பவர்கள் நாளைக் காலை என்னிடம் வந்து பேசலாம் என்று சொல்லி முடித்துக்கொள். வருகிற பிள்ளை வரும்.

புடவை தாராளமாகக் கட்டு. பருத்திப் புடவையாக எடுத்துப் போ, நெருப்புப் பக்கம் உட்கார வேண்டியிருக்கும், சின்தடிக் வேண்டாம். ஊக்கு ஒரு அட்டை அதிகமாக வைத்துக்கொள், அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்காவது துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிவிட வேண்டியிருக்கும்.